புத்தி அப்படியா, நிலைமை அப்படியா?

2023 மே 13 அன்று மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கத்திலும் உயிர்கள் போயின. இரண்டையும் சேர்த்தால் இறப்பு இருபதைத் தாண்டியது. அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த வேகத்திலேயே ஒரு கேள்வியும் வந்தது: குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்? 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது அதே கேள்வி இன்னும் உரக்க எழுந்தது. உயர் நீதிமன்றம் வரை வழக்காகவும் போனது. வேறு விபத்துகளில் இறப்பவர்களுக்கு அரசு தரும் தொகையோடு ஒப்பிட்டால் இது கூடுதல் என்று வாதிடுபவர்களுக்கு அவர்கள் தரப்பு நியாயம் உண்டு. ஆனால் கேள்வியின் சூடு தொகையில் இல்லை. தன் குணத்தால் செத்தவனுக்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தத் தீர்ப்பின் மீதும் அது பிறக்கும் வேகத்தின் மீதும்தான்.

தீர்ப்பைத் தகவல்களோடு ஒட்டிப் பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். ஒருவர் குடிகாரர் என்பது அவர் குடித்ததை விளக்கலாம். அன்று அவர் இறந்ததை விளக்காது. முந்தைய வாரமும் முந்தைய மாதமும் குடித்துவிட்டு வீடு திரும்பிய அதே ஆள்தான் அன்று திரும்பவில்லை. மாறியது அவர் குணமல்ல, பாக்கெட்டுக்குள் இருந்த திரவம். மெத்தனாலை நிறத்தாலோ ருசியாலோ குடிப்பவர் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போன பிறகு கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பார்வை மங்கி, மூச்சு திணறி, பல மணி நேரம் கழித்தே ஆபத்து புரிகிறது. அரசுக் கடையில் விற்கும் மலிவான குவார்ட்டரின் விலையில் பாதிக்கும் கீழே கள்ளச்சாராயப் பாக்கெட் கிடைக்கிறது என்பதும், ஆலை மெத்தனால் கணக்கில் வராமல் கைமாறுகிறது என்பதும், உள்ளூரில் விற்பனை நடப்பது பலருக்கும் தெரிந்தே நடந்தது என்பதும்தான் சாவுக்கு அருகிலுள்ள காரணங்கள். இருந்தும் இவற்றில் ஒன்றையும் தொடாமல், கேட்ட நொடியில் மனம் ஆளின் குணத்தில் போய் நின்றுவிடுகிறது. ஏன் அங்கேயே நிற்கிறது?

ஆய்வகம் சொல்வது

சமூக உளவியல் இந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளாகத் துருவி வருகிறது. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு ஒதுக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். கட்டாயம் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் எழுத்து எழுதியவரின் மனமாகவே படிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து லீ ராஸ் இந்தச் சாய்வை மனித மதிப்பீட்டின் அடிப்படைப் பிழை என்றே அழைத்தார். 1984இல் லரேன் வின்டரும் ஜேம்ஸ் யூல்மனும் இன்னும் ஒரு படி போனார்கள். சில வாக்கியங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். அவற்றில் வரும் ஆட்களைப் பற்றி எதுவும் தீர்மானிக்கச் சொல்லவில்லை. பின்பு வாக்கியத்தில் இல்லாத, ஆனால் செயலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு குணச் சொல்லைக் குறிப்பாகக் கொடுத்தபோது மறந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. யாரும் கேட்காமலே, தனக்கே தெரியாமலே, படித்தவரின் மனம் செயலுக்குக் கீழே ஒரு குணத்தை எழுதி வைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

இது மனிதர் எல்லோருக்கும் பொதுவா, சிலருக்கு அதிகமா? 1993இல் லெனர்ட் நியூமன் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. அமெரிக்க மாணவர்களுக்குள்ளேயே தனிமனித நோக்கு மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் உண்டு. தன்னைச் சுற்றத்திலிருந்து பிரித்து, தன் விருப்பமும் தன் முடிவுமாகக் காண்பவர்களிடம், பிறர் செயலைக் கேட்டவுடன் குணமாக மாற்றும் வழக்கம் கூடுதலாக இருந்தது. 2011இல் ஜின்கியுங் நா, ஷினோபு கிதயாமா இருவரும் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது ஐரோப்பிய வழி அமெரிக்கர்களிடம் இந்தத் தானியங்கிக் குணமுடிவின் தடயம் தெளிவாகத் தெரிந்தது. ஆசிய வழி அமெரிக்கர்களிடம் தெரியவில்லை. 1994இல் மைக்கேல் மோரிஸும் கைப்பிங் பெங்கும் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து நாளிதழ்களைப் படித்தார்கள். 1991 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு துப்பாக்கிச் சூடுகள் நடந்திருந்தன. ஒன்றைச் செய்தவர் சீன மாணவர், மற்றதைச் செய்தவர் வேலையிழந்த அமெரிக்க அஞ்சல் ஊழியர். ஆங்கில நாளிதழ் இருவர் விஷயத்திலும் கொலையாளியின் மனக்கோளாறையும் கோபக் குணத்தையும் முன்வைத்தது. அமெரிக்காவிலேயே வெளிவரும் சீன மொழி நாளிதழ் இருவர் விஷயத்திலும் மேற்பார்வையாளரோடான உறவு, தனிமை, வேலை நெருக்கடி, துப்பாக்கி எளிதில் கிடைப்பது என்று சுற்றுச் சூழலை விரித்தது. தங்கள் இனத்தவருக்கு மட்டும் சலுகை காட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வு ஜோன் மில்லருடையது. 1984இல் வெளியான அந்த ஆய்வில் சிகாகோவிலும் மைசூரிலும் 8, 11, 15 வயதுப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும், தங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்ல செயலையும் தவறான செயலையும் சொல்லி அதற்குக் காரணமும் சொல்லுமாறு அவர் கேட்டார். எட்டு வயதில் இரு நகரத்துப் பிள்ளைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வளர வளரத்தான் பாதை பிரிந்தது. சிகாகோப் பெரியவர்கள் சொன்ன காரணங்களில் நூற்றுக்கு 40 அளவு ஆளின் பொதுக்குணம் சார்ந்தவை. மைசூரில் அது 20க்கும் குறைவு. சூழலைக் காட்டிய காரணங்களில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. மேற்கத்தியச் சாயல் கூடிய ஆங்கிலோ இந்தியர்கள் இரண்டுக்கும் இடையில் நின்றார்கள். பள்ளிப் படிப்போ பொருள்வசதியோ மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. வளர்ந்த பண்பாடே பிள்ளைகளுக்கு எதைக் காரணம் என்று சொல்வது எனக் கற்றுக்கொடுக்கிறது என்று மில்லர் முடிவு செய்தார்.

அந்த ஆய்வில் மைசூர்க்காரர் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு வழக்கறிஞர் மோட்டார் சைக்கிளில் போகிறார். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். டயர் வெடித்துப் பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார், அடிபட்டவர் இறந்துபோகிறார். இதையே அமெரிக்கர்களிடம் சொல்லிக் கேட்டபோது, பொறுப்பற்றவர், தன் தொழில் முன்னேற்றமே பெரிதென நினைப்பவர் என்ற பதில்கள் வந்தன. சொன்னவரோ வழக்கறிஞரை மன்னிக்கவில்லை. ஆனால் கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவர் கடமை, பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போயிருக்கலாம், அடி அவ்வளவு பலமாகத் தெரியாமலும் இருந்திருக்கலாம் என்று காரணம் கூறினார். செயல் ஒன்று, தவறு என்பதிலும் இருதரப்பும் ஏறக்குறைய ஒன்று. ஒரு தரப்பு ஆளைப் பார்த்ததும் நின்றது. மற்றது ஆளைச் சுற்றியிருந்ததையும் பார்த்தது.

சூழலைப் பார்ப்பது இரக்கத்துக்காக மட்டுமல்ல, உண்மைக்கு நெருங்கவும் தேவை என்பதற்கு பிரின்ஸ்டனில் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் நடத்தி 1973இல் வெளியிட்ட சோதனையே போதும். சமயக் கல்வி மாணவர்கள் உரையாற்றப் போகும் வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். அவர்களது இறைநம்பிக்கை எத்தகையது என்பது, நின்றார்களா இல்லையா என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவவில்லை. கடந்து போனவனைக் கண்ட எவரும் அவனைக் கல்நெஞ்சன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நாம் விதிவிலக்கா?

இவ்வளவையும் படித்ததும் ஒரு தற்பெருமை எளிதாக எட்டிப்பார்க்கும்: தனிமனித நோக்கு மேற்கின் நோய், நாம் சூழலறிந்தவர்கள். இதற்கு ஆதரவாக நிற்கும் அறிஞர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். மைசூரில் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்த ஏ.கே. ராமானுஜன், மில்லரின் இரண்டு நகரங்களையும் தன் வாழ்வில் கொண்டவர். இந்தியச் சிந்தனை சூழல்சார்ந்தது, எங்கும் எவருக்கும் ஒன்றே என்ற விதியை எளிதில் ஏற்காதது என்று 1989இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் அவர் வாதிட்டார்; சங்க அகத்திணை மரபையும் அதற்குச் சான்றாக வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்வனவெல்லாம் கருப்பொருள், அதன் பிறகே மனித ஒழுக்கமாகிய உரிப்பொருள் என்று அமைத்த இலக்கணம், ஒருவர் செய்ததைச் சொல்லும் முன் எங்கே, எப்போது என்று கேட்கப் பழகிய மனத்தின் வேலைதான். 1984இல் வெளிவந்த தன் நூலில் மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல், திருச்சி வட்டாரக் கிராமம் ஒன்றில் ஊர் மண்ணின் இயல்பும் அதில் வாழ்பவரின் இயல்பும் ஒன்றோடொன்று கலப்பதாக மக்கள் கருதுவதை விரிவாகக் காட்டினார். மனிதன் தோலோடு முடிந்துவிடுபவன் அல்லன் என்பதே அந்தப் பார்வை.

ஆனால் தற்பெருமைக்கு இரண்டு தடைகள் உண்டு. முதல் தடை, குணம் சொல்லும் அவசரம் நம்மிடம் இல்லாமல் இல்லை என்பது. 1998இல் இன்சியோல் சோயும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் காஸ்ட்ரோ சோதனையின் மாதிரியில் கொரியர்களிடம் சோதித்தபோது அவர்களும் முதலில் அமெரிக்கர்களைப் போலவே தவறினார்கள். அதே கட்டாயத்தில் தாங்களே எழுதிப் பார்த்த பிறகு கொரியர்கள் தீர்ப்பைத் தளர்த்திக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் அசையவில்லை. டேனியல் கில்பர்ட்டும் நண்பர்களும் 1988இல் காட்டியபடி மதிப்பீட்டுக்கு இரண்டு படிகள் இருக்கின்றன. குணத்தைச் சூட்டும் முதல் படி உழைப்பின்றி நடக்கிறது. சூழலைக் கணக்கில் எடுத்துத் திருத்தும் இரண்டாம் படிக்கு உழைப்பு வேண்டும். மனம் வேறு வேலையில் இருந்தால் அது நடப்பதே இல்லை. ஆகவே தனிமனித நோக்கு சும்மா எங்கிருந்தோ ஒரு பிழையைப் புகுத்துவதில்லை. எல்லோரிடமும் இருக்கும் முதல் படியை வலுவாக்கி, இரண்டாம் படி அவசியமில்லை என்று பழக்கிவிடுகிறது. மறுபுறம், தமிழர்களிடம் தனிமனிதன் என்ற உணர்வே இல்லை என்பதும் பொய். சென்னை ஜார்ஜ் டவுனை மையமாக வைத்து 1994இல் மேட்டிசன் மைன்ஸ் எழுதிய நூல், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நடுவில் தங்கள் முடிவுகளைத் தாங்களே எடுத்த தமிழர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கொண்டு அந்த எளிய பிரிப்பை மறுத்தது.

இரண்டாம் தடை இன்னும் கனமானது. மைசூரில் கேட்கப்பட்டவை அவரவருக்குத் தெரிந்தவர்களின் செயல்கள். தெரிந்தவனுக்கு 'பாவம், அவன் நிலைமை' என்று சொல்லும் அதே வாய், தெரியாதவனுக்கு, குறிப்பாகக் கீழே வைக்கப்பட்டவனுக்கு, 'அந்தச் சாதிப் புத்தி' என்று சொல்லவும் பழகியது. இங்கே செயல் தனி ஆளின் குணமாக மாறவில்லை. பிறப்பின் குணமாக மாறியது. வேகம் அதே, விலை அதைவிடக் கொடியது. இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது காலனிய அரசு. 1860இல் அது கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டம், செய்தவனே பொறுப்பாளி என்ற தனிமனித அடிப்படையில் நின்றது. பதினோரு ஆண்டு கழித்து அதே அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குழந்தை பிறந்தவுடனே சந்தேகத்துக்குரியதாகும் பட்டியலில் தென்னாற்காட்டுச் சமூகங்களும் இடம்பெற்றன. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. குற்றம் பரம்பரையின் குணம் என்பதிலிருந்து, குற்றம் தனி ஆளின் குணம் என்பதற்கு நகர்ந்தோம். அது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் நிலமும் காடும் பறிபோனவர்கள் எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்ற கேள்வியை முதல் சட்டமும் கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை.

கேட்கப்படாத கேள்வி

அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இருளர் மக்களின் அனுபவம் சான்று. பாம்பும் எலியும் பிடித்து, காட்டுப் பொருள் சேகரித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்ததும் அவர்களது தேர்ச்சியே குற்றமாகிவிட்டது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டு அதைக் காட்டிலேயே விடும் வேலை சட்டபூர்வமானது. பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தைத் தருவதில் நாட்டிலேயே முதன்மையான இடம் அந்தச் சங்கத்துக்கு. 2023இல் இருளர் பாம்புபிடி வல்லுநர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே கை, அதே தேர்ச்சி. திருட்டு வேட்டைக்காரர் என்ற பெயரும் உயிர்காப்பவர் என்ற பெயரும் அமைப்பு மாறியதால் வந்தவை. வடக்கே இப்படி நடக்க, திண்டிவனம், விழுப்புரம் பகுதி இருளர்களில் பலரோ செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணத்தில் கட்டுண்டார்கள். கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் 'முன்பணம் வாங்கிவிட்டு ஓடிவிட்டான்' என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. துப்புக் கிடைக்காத திருட்டு வழக்குகளில் அவர்களைச் சேர்ப்பதும் ஓயவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் உருவான பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990களிலிருந்து செய்துவரும் வேலையின் சாரம், ஓடிப்போனவனின் குணத்தைப் பற்றிய பேச்சை நிறுத்தி, அவன் எந்தக் கணக்கிலிருந்து ஓடினான் என்று அதிகாரிகளைக் கேட்க வைப்பதுதான்.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், வானூர் வட்டத்துத் திருவக்கரையில் இந்த விவாதத்துக்கு உதவும் இரண்டு சான்றுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று, வக்கிரகாளியின் தலபுராணம். வக்கிராசுரனின் தங்கை துன்முகியை வதைக்க வந்த காளி, அவள் கருவுற்றிருப்பதைக் கண்டு, சிசுவை எடுத்துத் தன் வலக்காதில் குண்டலமாக அணிந்துகொண்டே அவளை வதைத்தாள் என்பது கதை. கர்ப்பிணியைக் கொல்லலாகாது என்ற அறத்தைச் சொல்வதாகவே இது பொதுவாக விளக்கப்படுகிறது. அதில் இன்னொரு முடிவும் அடங்கியிருக்கிறது: அசுரியின் வயிற்றில் இருந்தது என்பதற்காக அந்தச் சிசு அசுரக் கணக்கில் சேராது. பிறப்பை வைத்துத் தீர்ப்பெழுத மறுக்கும் குரல் நம் மரபுக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இது போதும். மற்றொன்று, 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா குறிப்பிட்ட, இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கும் கல்மரங்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழமை. சில 15 மீட்டர் வரை நீளம். பார்த்தவுடன் இங்கே ஒரு காடு நின்றிருந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கிடப்பவற்றில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. எனவே அவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை என்று புவியியலாளர்கள் முடிவு செய்தார்கள். கிடக்கும் இடமே பிறந்த இடம் என்று கொள்ளாமல், கொண்டுவந்த வெள்ளத்தைத் தேடுவது அவர்கள் முறை. குடித்துக் கிடப்பவரைப் பற்றிப் பேசும்போதும், படிப்பை விட்டவரைப் பற்றிப் பேசும்போதும் நாம் கைவிடுவது இந்த முறையைத்தான்.

அரசின் மொழியில் தனிமனிதன்

மைசூர் ஆய்வு நடந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சொந்த முயற்சி, சொந்தத் தேர்வு, சொந்தத் தவறு என்ற கணக்கில் வாழ்க்கையைப் பார்க்கும் பழக்கம் இன்று தமிழ்நாட்டின் சிற்றூர் வரை வந்துவிட்டது. மக்கள் பேச்சை விடவும் தெளிவாக அது தெரிவது அரசுத் தாள்களில்தான். சாலை விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள்: வாகனத்தை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து என்ற தொடர் ஏறக்குறைய அச்சடித்ததுபோல வரும். இந்தியாவின் சாலை விபத்துச் சாவுகளில் பத்தில் ஏழுக்கும் மேல் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் 2022 அறிக்கை சொல்வதும் இத்தகைய பதிவுகளைக் கூட்டித்தான். வேகம் பொய்யல்ல. ஆனால் திண்டிவனம் வழியாகவும் விழுப்புரம் வழியாகவும் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் இடங்களில், நடந்து கடப்பவருக்கு வழி எது, விளக்கு எங்கே, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதற்கு அந்தத் தொடரில் இடமில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், பள்ளியை விட்டு நின்ற பையன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பதிவான காரணம் படிப்பில் ஆர்வமின்மை. பொங்கலுக்குப் பிறகு குடும்பத்தோடு சூளைக்குப் போய், பள்ளி ஆண்டு முடிந்த பின் திரும்பும் பிள்ளைக்குப் பாடம் புரியாமல் போனதும் அதே கட்டத்துக்குள்தான் விழும். கேள்வித்தாள் ஆர்வத்தைக் கேட்டது. ஆர்வம் எப்படிக் கெட்டது என்று கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது தனிமனித நோக்கையே குற்றம் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. பிறப்பால் வரும் பழியிலிருந்து விடுதலை தந்தது அதுதான். தந்தை செய்ததற்கு மகன் பொறுப்பல்ல, ஊரில் ஒருவன் செய்ததற்குத் தெரு பொறுப்பல்ல என்று நீதிமன்றத்தில் இன்று வாதாட முடிவது அதனால்தான். சூழலைப் புரிந்துகொள்ளும் பழைய இரக்கத்துக்குத் திரும்புவோம் என்பவர்கள், அந்த இரக்கம் தெருவுக்குத் தெரு அளவு மாறியதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே தனிமனிதனை உரிமைக்கு அலகாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். விளக்கத்துக்கும் அவனையே அலகாக்குவதுதான் தவறு. உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு ஓர் ஆள் விடையாகலாம். இது ஏன் நடந்தது என்ற கேள்விக்கு ஓர் ஆள் முழு விடை ஆவது அபூர்வம்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, சூழலைச் சொல்லிச் சொல்லியே குற்றவாளியைத் தப்பவிட்டுவிடுவோம் என்பது. நடைமுறை இதற்கு மாறாக இருக்கிறது. எக்கியார்குப்பச் சாவைக் குடிகாரன் குணத்தோடு முடித்துக்கொண்டால் குற்றவாளி என்று ஒருவர்கூட இல்லை, செத்தவனே குற்றவாளி. ஏன் என்று மேலும் கேட்டால்தான் மெத்தனாலை விற்றவர், வாங்கிக் கொடுத்தவர், பாக்கெட் போட்டவர், கண்டும் காணாதிருந்தவர் என்று பொறுப்பாளிகளின் வரிசை நீள்கிறது. சூழலை ஆராய்வது பொறுப்பைக் கரைப்பதில்லை, உரிய கதவுகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது மறுப்பு, குணம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறது, அதை விரைந்து அறிவது வாழ்வுக்குத் தேவை என்பது. இருக்கிறது, தேவையும்தான். பல ஆண்டு பழகியவரின் குணத்தை வைத்து அவர் நாளை என்ன செய்வார் என்று சொல்வது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அது பல நிலைமைகளில் பார்த்துச் சேர்த்த அறிவு. ஒரு செய்தியில், ஒரு காணொளியில், ஒரு செயலில் பார்த்தவருக்குச் சூட்டும் குணம் அந்த அறிவின் பெயரை மட்டும் கடன் வாங்குகிறது. மூன்றாவது மறுப்பு, ஆய்வக முடிவுகளை வைத்துப் பண்பாடுகளைப் பற்றிப் பேசுவது துணிச்சல் என்பது. இதில் உண்மையிருக்கிறது. மைசூர் நகரத்துச் சில பத்துப் பேர் இந்தியா அல்ல, மேற்கும் ஒன்றல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை எந்தப் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போடவில்லை. மில்லரும் நியூமனும் சேர்ந்து நிறுவியது வேறு: முதல் நொடித் தீர்ப்பு கற்றுக்கொண்ட ஒன்றால் வலுப்பெறுகிறது. கற்றது என்றால் மாற்றியும் கற்கலாம்.

எங்கே மாற்றுவது என்பதிலும் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. முதல் படி தானே நடப்பது. அதை நல்லெண்ணத்தால் நிறுத்த முடியாது. 'அவசரப்பட்டு மதிப்பிடாதீர்கள்' என்ற அறிவுரை அதனால்தான் பயனற்றுப் போகிறது. இரண்டாம் படிக்கு உழைப்பும் நேரமும் வேண்டும் என்பதால், அந்த உழைப்பை மனத்திடம் விடாமல் நடைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும். விபத்துப் பதிவில் ஓட்டுநரின் வேகத்துக்கு அடுத்த கட்டத்தில் சாலையின் அமைப்பையும் பணிநேரத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்று வைக்கலாம். பள்ளியை விட்ட பிள்ளையின் பதிவில் ஆர்வமின்மை என்று எழுதுமுன் கடந்த ஆறு மாதம் குடும்பம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். திருட்டு வழக்கில் ஒருவரைச் சேர்க்குமுன், அவர் பெயர் எந்தத் தடயத்தால் வந்தது, எந்தப் பழைய பட்டியலால் வந்தது என்று எழுத்தில் கேட்கலாம். செய்தி எழுதுபவர் முதல் பத்தியிலேயே ஆளின் பழக்கத்தோடு பொருளின் பாதையையும் சேர்க்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய மனமாற்றம் தேவையில்லை; படிவத்தில் இன்னொரு வரி போதும். நமக்கு வேண்டியவர்களுக்கு நாம் கேட்காமலே தரும் அந்த ஒரு வரியை, நமக்கு யாரென்றே தெரியாதவருக்கும் கட்டாயமாகத் தருவதுதான் சமத்துவம் இந்த விஷயத்தில் எடுக்கக்கூடிய நடைமுறை வடிவம்.